ஆறாயிரத்து ஐந்நூறு கெல்வின்

என்ன வேலை என்று கேட்பவர்கள்
பதிலைக் கேட்டதும் சிரித்துவிடுகிறார்கள்.
வீடு வீடாய்ப் போய்
தொலைக்காட்சிகளுக்குப் பொய் சொல்லும் பழக்கத்தை
மறக்கடிக்கிறேன்.

கடையிலிருந்து வரும்போது எல்லாப் பெட்டியும்
கல்யாண வீட்டுக்குக் கிளம்பியது போலத்தான் இருக்கும்:
பச்சைக்கும் மேலே ஒரு பச்சையில் புல்,
செய்தி வாசிப்பவரின் பற்களில் நீலம்.
கடை விளக்குகளோடு போட்டியிட்டுக் கத்திய தொண்டை.
கொஞ்சம் கொஞ்சமாய்த் தணிப்பேன்.
வெள்ளை என்பது ஆறாயிரத்து ஐந்நூறு கெல்வின்.
மேகம் மூடிய நண்பகல்; அவ்வளவுதான் வெள்ளை.
அதற்கு மேல் இருப்பது விற்பனை.

பிப்ரவரி. க்டினியா துறைமுகத்துக்கு மேலே ஒக்ஸிவியே மேடு.
மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை.
"பனி ஆரஞ்சாய் இருக்கிறது" என்றார்
போகுமிலா ஃபோர்மெலா, கதவை முழுக்கத் திறப்பதற்குள்.
"நாற்பது வருஷமாய்ப் பனிச்சறுக்குத் தாண்டல் பார்க்கிறேன்.
ஆரஞ்சுப் பனியில் எவனும் தாண்டியதில்லை."

அறுபத்தைந்து அங்குலம். ஓஎல்இடி.
பின்னால் விளக்கே கிடையாது இதற்கு.
எண்பது லட்சத்துச் சொச்சம் புள்ளிகளும்
தாமே எரியும், தாமே அணையும்.
பழைய பெட்டிகளில் கறுப்பு என்பது
சாத்திய கதவின் இடுக்கில் கசியும் வெளிச்சம்.
இதில் கதவுக்குப் பின்னால் வீடே இல்லை.

முதலில் அசைவு மென்மையை அணைத்தேன்.
ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே
யாருமே எடுக்காத படமொன்றைத்
தானாக நினைத்துச் செருகும் வித்தை அது.
பிறகு மானியைத் தொங்கவிட்டேன்,
திரையின் நட்டநடுவில்.

"அங்கே வைத்து என்ன பயன்?"

மூலையில் ஒருவர். திரைக்குப் பக்கவாட்டில் முக்காலி,
முகம் சன்னலைப் பார்த்து.
சன்னலைப் பார்ப்பதாகத்தான் நினைத்தேன்.
திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார் ஸீக்முண்ட்.

விழித்திரையில் நடு அழிந்து ஓரம் மட்டும் மிச்சம்.
பார்க்க வேண்டியதை விட்டு முகத்தைத் திருப்பினால்
கடன்காரனைப் போல அது தானே வந்து நிற்கும்.
நான் மானி வைத்த இடம்
அவருக்கு இல்லாத இடம்.

முப்பத்தொரு வருஷம் கப்பல்களின் அடிவயிற்றுக்குச்
சிவப்பு அடித்தவர்.
தண்ணீரில் இறங்கிவிட்டால் மீன்கள் மட்டும் பார்க்கிற சிவப்பு.
இந்தத் திரையைத் தேர்ந்ததும் அவர்தான்.
கடையில் ஒவ்வொரு பெட்டிக்கும் பக்கவாட்டில் போய் நின்றாராம்,
எது ஓரத்திலும் வெளுக்காது என்று பார்க்க.
விற்பனைப் பையன் மூன்று தடவை
முன்னால் வரச்சொல்லிக் களைத்துப்போனான்.

"ஆரஞ்சாக்கியதும் நான்தான்.
அப்போதுதான் தாண்டுகிறவன் பனியிலிருந்து பிரிகிறான்.
முகம் தெரியாது. சட்டையை வைத்து நாடு சொல்வேன்."

நிறப்பிழை மூன்றுக்குள் இருந்தால்
கண்ணுக்குத் தெரியாது என்று படித்தவன் நான்.
யார் கண்ணுக்கு என்று
பாடத்தில் இல்லை.

ரிமோட்டில் இரண்டு பொத்தான்கள்.
ஒன்றில் போகுமிலா: மேகம் மூடிய நண்பகல்,
பிழை ஒன்று புள்ளி இரண்டு.
இரண்டாவதற்கு மானியை உறையில் போட்டுவிட்டேன்.
"இன்னும்" என்றார். "இன்னும். நிறுத்து. கொஞ்சம் சிவப்பு,"
பெயின்ட் கலக்கும் பையனிடம் சொல்வதுபோல.
திரை கூவியது. எனக்குப் பல் கூசியது.

ரசீதில் இரண்டாம் கட்டத்தில்
எழுத எண் இல்லை. கோடு போட்டேன்.

படியிறங்கும்போது கதவு வழியே கேட்டது:
"இவன் யார்?"
"நார்வே."
"பொய். சட்டை மஞ்சள்."
"சரி, ஸ்லோவேனியா. இப்போது என் பனியைக் கொடு."

கீழே இருட்டிவிட்டிருந்தது.
பேருந்து நிறுத்தத்தில், பழைய சோடியம் விளக்கடியில்
கணுக்கால் ஆழத்துக்கு நிஜப் பனி.
நல்ல ஆரஞ்சு.